தாடைக் கட்டியும் என் வயிற்றெரிச்சலும்

என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த நாளில்தான் எல்லாம் தொடங்கியது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அதற்கு முன்பே, கல்யாணமாகி ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது.

நான் தெரணியகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். என் வீட்டுக்காரர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே நான்கு காம்பரா தள்ளி அவருடைய மாமன் மகள் இருந்தாள். தாய் இல்லை, தகப்பன் மட்டும். என் மாமியாருக்குக் கூடப்பிறந்த அண்ணன் மகள். அவளைத்தான் இவருக்குக் கட்டிவைப்பதென்று சின்ன வயதிலிருந்து பேச்சு இருந்திருக்கிறது. இடையில் எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்த இவர் என்னைப் பார்த்துவிட்டு, கட்டினால் இந்தப் பிள்ளையைத்தான் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். அதை நினைத்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் வாசலில் நின்று “மச்சான்” என்று கூப்பிடும்போது, அந்தச் சொல் என் வீட்டுக்குள் எனக்கு முன்பே குடிவந்துவிட்ட ஒன்றைப் போல இருக்கும். அவள் ஒன்றும் தப்பாகக் கூப்பிடவில்லை. முறை அதுதான். தப்பு கண்டுபிடிக்க முடியாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாமியாருக்கோ இரண்டு பேரும் மருமகள்தான். “மருமகளே” என்று அவர் கூப்பிட்டால் நாங்கள் இருவரும் திரும்பிப் பார்ப்போம். பாதி நேரம் கூப்பிட்டது அவளையாக இருக்கும்.

கல்யாணமான இரண்டாவது வருடம் எனக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அந்த மழைக்காலத்தில் அங்கே பொன்னுக்கு வீங்கி வந்தது. முதலில் ஒரு குழந்தைக்குக் காதடியில் வீங்கியது, பத்து நாளில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு. கன்னம் இரண்டும் உப்பி, மெல்ல முடியாமல், பால் புட்டியைக்கூடத் தள்ளிவிட்டு அழுதார்கள். தோட்டத்து மிட்வைஃபை நாங்கள் மிஸ்ஸி என்போம், சிங்கள அம்மா. அவர் வந்து பார்த்து, வீங்கிய பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னார். டம்ளர்களைத் தனித்தனியாக்கினார். “கம்முல்காய, ஒங்க பொன்னுக்கு வீங்கிதான். மருந்து ஒண்ணும் தேவல்ல. கஞ்சி குடுங்க, தண்ணி நெறய குடுங்க, தானா போகும்” என்றார். சொன்ன மாதிரியே ஒரு வாரத்தில் வடிந்தும் போனது.

அப்போதுதான் ஒரு காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது என் மாமியார் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

“என்னாடி இது? வீங்கியிருக்கே?”

“தெரியல அத்த. நேத்துதான் பாத்தேன். வலிக்கல.”

“பொன்னுக்கு வீங்கிதான். தங்கம் போட்டாத்தான் எறங்கும்.”

மாமியார் நேரே என்னிடம் வந்தார். எங்கள் வீட்டில் இருந்த தங்கம் என் தாலியும், என் அம்மா எனக்குப் போட்டு அனுப்பிய ஒரு சங்கிலியும்தான். “ஒரு வாரந்தான் மருமகளே, அந்தப் புள்ளைக்கு வேற யாரு இருக்கா?” என்றார். என் வீட்டுக்காரர் பால் வாளியைக் கழுவிக்கொண்டே, “குடு புள்ள” என்றார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நான் கழற்றிக் கொடுத்தேன். அன்று சாயந்தரம் அவள் அதைப் போட்டுக்கொண்டு வாசலைக் கடந்து போனாள். கறுத்த நீண்ட கழுத்து அவளுக்கு. என் சங்கிலி அதில் என் கழுத்தில் கிடந்ததைவிட அழகாகக் கிடந்தது. மாமியாரும் அதையே சொன்னார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுக்கு வந்தது பொன்னுக்கு வீங்கி இல்லை என்று எனக்கு நாலைந்து நாளிலேயே தெரியும். அத்தனை குழந்தைகளைக் கையில் தூக்கிப் பார்த்தவள் நான். பொன்னுக்கு வீங்கி காதை ஒட்டி வரும், தொட்டால் பிள்ளை அலறும். இவளுக்குத் தாடை முனைக்குக் கீழே, ஒரு பக்கம் மட்டும், கூழாங்கல்லை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி இரண்டு மூன்று கட்டி. அமுக்கினாலும் அவள் முகம் சுளிக்கவில்லை. குழந்தைகளுக்கெல்லாம் வடிந்துவிட்டது. இவளுக்கு மூன்று வாரமாகியும் அப்படியே இருந்தது. மிஸ்ஸி வாரத்துக்கு இரண்டு முறை என்னைத் தேடி வருகிறவர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. என் சங்கிலியைத் திருப்பித் தர மனமில்லாமல் அவளே கட்டியை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றுகூட நினைத்தேன். புத்தியுள்ள யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். நான் நினைத்தேன்.

மாமியார் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப்போட்டார். பிறகு சுண்ணாம்பு. பிறகு பஜாரில் வெதமாத்தயா என்கிற சிங்கள நாட்டு வைத்தியர் கொடுத்த எண்ணெய். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவளே தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கிருந்த டாக்டரய்யா வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், தலையில் பேன் புண் இருக்கிறதா என்று முடியைப் பிரித்துப் பார்த்தார். சொத்தைப் பல் இருந்தாலும், தொண்டை புண்ணானாலும், தலையில் புண் இருந்தாலும் இந்த இடத்தில்தான் நெறி கட்டும் என்றாராம். எதுவுமில்லை. ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். குறையவில்லை என்றதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும் வழியில் அவள் எங்கள் வாசலில் நின்று என் சங்கிலியைக் கழற்றித் தந்தாள்.

“இது பொன்னுக்கு வீங்கி இல்லையாம்க்கா. பாவம், ஒங்க கழுத்து சும்மா கெடக்கு.”

சங்கிலி வந்தது. ஆனால் கடிதத்தோடு வேறொன்று போனது. சிங்களம் எங்கள் பக்கம் எல்லாருக்கும் பேச வரும். வாசிக்க வருவது எங்கள் லயத்தில் என் வீட்டுக்காரருக்குத்தான். சின்ன வயதில் பஜாரில் ஒரு சிங்கள முதலாளியின் கடையில் நின்றவர். ஆஸ்பத்திரியில் எந்த அறை, எந்த வரிசை, எந்தத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் சிங்களத்தில். அவள் தகப்பனுக்கு முட்டிவலி, பஸ் ஏற முடியாது. ஆகவே “நானே கூட்டிக்கிட்டு போறேன்” என்றார் இவர்.

முதல் தடவை போனார்கள். நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். இரண்டாவது தடவை போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். மூன்றாவது தடவை கட்டிக்குள் ஊசி குத்தி எதையோ உறிஞ்சி எடுத்தார்கள். அப்போது யுத்தத்தை நிறுத்திச் சமாதானம் என்று சொல்லி, ரோட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பது குறைந்திருந்த காலம். போய்வருவது லேசாகிவிட்டது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இவர் என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனது ஒரே ஒரு முறை, அதுவும் என் அம்மா வீட்டுக்கு.

மூன்றாம் முறை திரும்பி வந்தவள் எங்கள் வாசலில் உட்கார்ந்து மாமியாரிடம் சொன்னாள்: “ஊசிய பாத்ததும் பயந்துட்டேன் அத்த. மச்சான்தான் கைய புடிச்சிக்கிட்டாரு.”

உள்ளே நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விரலும் சேர்ந்து துருவப்பட்டது.

அன்று இவரிடம் கேட்டேன். “கையப் புடிச்சீங்களா?”

“ஊசி இந்த நீளம் புள்ள. அதப் பாத்து அந்தப் புள்ள நடுங்குது. நான் என்னா செய்ய?”

“நர்ஸ் இல்லியா?”

“இருந்தாங்க.”

“பொறகு?”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முகத்தைக் கழுவப் போய்விட்டார்.

ஊசியின் முடிவு சொல்ல ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். அந்தக் காலையில் அவள் தலை சீவி, வெள்ளையில் நீலப் பூப் போட்ட சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நான் பாயைவிட்டு எழும்பவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன்.

“என்னா புள்ள?”

“வயிறு பெரட்டுதுங்க. போவாதீங்க.”

எனக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. மாமியார் ஓமத் தண்ணீர் வைத்தார், குடித்தேன். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே அவள், “பரவால்ல மச்சான், அக்காவ பாருங்க. நாம இன்னொரு நாளைக்கி போகலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ‘நாம’ காதில் விழுந்ததும், போகவிடாமல் செய்தது சரிதான் என்று தோன்றியது.

இன்னொரு நாள் என்பது உடனே வரவில்லை. மழை, பிறகு அவள் தகப்பனுக்குக் காய்ச்சல், பிறகு இவருக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்று வாரம் ஓடிவிட்டது. அதற்குள் கட்டி மேல் தோல் சிவந்து, பிறகு ஊதா நிறமாகி, மெத்தென்று ஆனது. சாயந்தரமானால் அவளுக்கு உடம்பு காய்ந்தது. சட்டை தோளிலிருந்து இறங்குகிற அளவுக்கு மெலிந்துவிட்டாள். ஒருநாள் மத்தியானம் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவந்தாள். கழுத்தில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தாள். துண்டு நனைந்திருந்தது.

“அக்கா, ஒடஞ்சிருச்சி.”

மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி சீழ். நாற்றம்கூட இல்லை. நான் சுடுதண்ணீர் வைத்து, சுத்தமான வெள்ளைத் துணி கிழித்து, துடைத்துக் கட்டினேன். கட்டி முடித்ததும் அவள் என் தோளில் சாய்ந்தாள். அவள் உடம்பு சுட்டது. கோழிக்குஞ்சின் எலும்பு மாதிரி இருந்தது. இதில் எனக்கு எவ்வளவு பங்கு என்று நான் மனசுக்குள் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாளே போனோம். இந்த முறை நானும். பஸ்ஸில் அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, நான் நடுவில் உட்கார்ந்து, இவரை நிற்கவைத்தேன். அவள் சாகக் கிடக்கிறாளோ என்று பயந்துகொண்டே, யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் நான்தான் முடிவு செய்தேன்.

டாக்டர் இளவயது சிங்களவர். காகிதங்களைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார்.

“ஒயாகே நோனாத?” உங்கள் மனைவியா என்று கேட்டார்.

“நே மாத்தயா. மகே நேனா.”

இல்லை ஐயா, என் மாமன் மகள் என்றார் இவர். சிங்களத்திலும் நேனா என்றால் கட்டிக்கொள்கிற முறை. பக்கத்திலிருந்த நர்ஸ் லேசாகச் சிரித்தார். இவர் அவசரமாக என்னைக் காட்டி, “மனைவி இவங்கதான்” என்று அதையும் சிங்களத்தில் சொன்னார். நர்ஸ் என்னைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. “ஏன் சொன்ன தேதிக்கு வரவில்லை? முடிவு வந்து மூன்று வாரமாகிறது” என்றார். அவள்தான் வாயைத் திறந்தாள். “மழை மாத்தயா” என்றாள்.

காச நோய், ஆனால் நெஞ்சில் இல்லை, நெறியில் மட்டும் என்றார் டாக்டர். நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இவளிடமிருந்து தொற்றாது, தட்டையோ டம்ளரையோ ஒதுக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். ஆனால் வீட்டில் யாராவது இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருமினால் கட்டாயம் சளியைச் சோதிக்க வேண்டும். சுண்ணாம்பு, இலை, எண்ணெய் எதுவும் கட்டி மேல் வைக்கக்கூடாது. ஆறு மாதம் மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாது. “சரியாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும், அப்போது இந்த மருந்து கேட்காது.”

மாத்திரையைத் தினமும் யாராவது கண்ணால் பார்க்க விழுங்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு யார் என்று மிஸ்ஸி யோசித்தார். காலையில் எல்லாரும் கடந்து போகிற இடம் பிள்ளைக் காம்பராதான். “நங்கி, நீங்க பாருங்க. வேற யார நான் நம்புறது?” என்று தங்கை முறை சொல்லி, என் கையில் மாத்திரையையும் நாள் குறிக்கிற அட்டையையும் கொடுத்துவிட்டார்.

அப்படித்தான் ஆறு மாதம் ஒவ்வொரு காலையும் அவள் முகத்தில் விழித்தேன். வெறும் வயிற்றில் வருவாள். நான் தண்ணீர் கொடுப்பேன். அவள் ஒவ்வொரு மாத்திரையாக வாயில் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து விழுங்குவாள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். நான் அட்டையில் கோடு போடுவேன். கழுத்தில் துணி மாற்றுவதும் என் வேலைதான். எனக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவள் கழுத்தை என் வீட்டுக்காரர் கழுத்தைவிட நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது நாள் அவள் வெளிறிப்போய் வந்து காதில் சொன்னாள்: “அக்கா, ஒண்ணுக்கு போனா செவப்பா போகுது. ரத்தம்.”

“ரத்தம் இல்ல. மாத்தரை. மிஸ்ஸி சொன்னாங்க, நான்தான் சொல்ல மறந்துட்டேன்.”

“ராத்திரி பூரா அழுதேன்க்கா.”

“மச்சான்கிட்ட சொன்னியா?”

“இத போயி அவருகிட்ட சொல்லுவாங்களா?” என்று சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவரிடம் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னாளே என்று உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

இரண்டு மாதத்தில் காய்ச்சல் நின்றது, கன்னம் நிரம்பியது. மூன்றாம் மாதம் தாடையின் அந்தப் பக்கத்திலேயே இன்னொரு கட்டி எழும்பியது. மாமியார், “இந்த மாத்தரைதான் ஒடம்ப கெடுக்குது, நிறுத்துங்க” என்று கத்தினார். மிஸ்ஸி ஆஸ்பத்திரியில் கேட்டு வந்து, மருந்து வேலை செய்யும்போது சிலருக்கு இப்படி எழும்பி அடங்கும், பயப்பட வேண்டாம் என்றார். அவள் பயந்துதான் போனாள். ஒருநாள் காலையில் வரவில்லை. நான் குழந்தைகளை என்னோடு வேலை செய்த அம்மாவிடம் விட்டுவிட்டு லயத்துக்கு நடந்தேன்.

“எழும்பு. வாயத் தொற.”

“வேணாம்க்கா. வாந்தி வருது. நான் செத்தா ஒங்களுக்கு நல்லதுதானே.”

அவ்வளவு நாள் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

“நீ அவர நெனச்சியா?”

அவள் பாயில் எழுந்து உட்கார்ந்தாள். “நெனச்சேன். பதினாறு வயசுல.”

“இப்ப?”

“இல்லன்னு சொன்னா நம்புவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்பறம் எதுக்கு கேக்குறீங்க? மாத்தரைய குடுங்க.”

விழுங்கினாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

கடைசி மாத்திரை விழுங்கிய நாளில் அட்டையில் கோடு போட்டுவிட்டு, ஊசி முடிவுக்குப் போக இருந்த அன்றைக்கு எனக்கு வயிற்று வலி இல்லை என்று சொன்னேன். எப்படிச் சொல்வது என்று ஒரு மாதம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் வரவில்லை. அந்த ஒரு வரிதான் வந்தது.

“தெரியும்க்கா” என்றாள். “மச்சானுக்கும் தெரியும். பாவம், அவளுக்கு ஒடம்புக்கு இல்ல, மனசுக்குத்தான் சொகமில்லன்னு சொன்னாரு.”

மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். ஆனால் இவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்பதுதான் முதலில் தைத்தது. எங்கே வைத்துப் பேசினார்கள்? எப்போது? அவள் கழுத்தில் இருந்த தழும்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தோல் உள்ளே இழுத்து, சுருங்கிய பை வாய் மாதிரி இருந்தது.

அடுத்த வருடம் கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொடுக்கப் போன என்னைத் தனியாகப் பிடித்தார். “ஒளிக்காம சொல்லுங்கம்மா, என்னா அது?”

மாமியார் சின்னப் பிள்ளையில் விழுந்தது என்று சொல்லச் சொல்லியிருந்தார். நான் உள்ளதைச் சொன்னேன். நெறியில் வந்த காச நோய், ஆறு மாதம் மருந்து, ஒரு நாளும் விடவில்லை, ஒவ்வொன்றையும் நானே கண்ணால் பார்த்தேன், டாக்டர் சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்லவளாக இருந்து நான் அதைச் சொல்லவில்லை. மறைத்துக் கட்டிக்கொடுத்தால் ஆறு மாதத்தில் திரும்பி இதே லயத்துக்கு வந்துவிடுவாள் என்று பயந்து சொன்னேன். கொடகவெல தூரம். பஸ் இரண்டு மாற வேண்டும். அந்தத் தூரம் எனக்கு வேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்துச் சம்மதம் சொல்லி ஆள் வந்தது. மறைக்காமல் சொன்ன வீடு என்பதற்காகவே சம்மதித்தார்களாம். மாமியார் என்னைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு மருமகளே என்றது என்னைத்தான்.

கல்யாணத்தன்று வேன் கிளம்பும்போது இவர் ரப்பர் மரத்தடியில் போய் நின்று மூக்கைச் சிந்தினார். நான் பார்த்தேன். அவர் கண் சிவந்திருந்தது. என் கல்யாணத்தில் அழுதது நான் மட்டும்தான்.

இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். எங்களுக்கு ஒன்று. வீட்டில் போன் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் கூப்பிடுவாள். முதலில் என்னிடம்தான் பேசுவாள், பிள்ளைகளுக்குக் காய்ச்சல், பல்வலி, காதடியில் வீக்கம் என்றால் எல்லாம் என்னிடம்தான் கேட்பாள். எத்தனை நாளாக இருக்கிறது, வலிக்கிறதா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று நான் விசாரிப்பேன். இரண்டு வாரத்துக்கு மேல் வடியாவிட்டால் யார் சொல்லுக்கும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டு என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். பேசி முடித்ததும், “மச்சான் இருக்காரா?” என்பாள். நான் போனைக் கொடுத்துவிட்டு வெளியே துணி எடுக்கப் போவேன். கொடியில் துணி இருக்கிறதோ இல்லையோ, ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.